வாசகர்கள் காத்த பதிப்பகம்

நூலை எழுதியவரை உலகம் அறிகின்றது. அதைக் கடன்பட்டு வெளியிட்டவரை அறிந்தோர் மிகச் சிலரே. நூலின் முகப்புத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு பதிப்பகத்தின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதன்மீது பார்வையைச் செலுத்தாமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்பெயருக்குப் பின்னால் ஒரு சிறு அறையும், இன்னும் செலுத்தப்படாத அச்சுக்கூலியும், கணக்கேட்டைப் பார்த்து உறங்காதிருக்கும் ஒரு மனிதரும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

பெரும் பதிப்பகங்களுக்கு விளம்பரம் உண்டு, கிளைகள் உண்டு, ஒரு நூல் விலைபோகாவிடில் மற்றொரு நூல் அவ்விழப்பை ஈடுசெய்யும். ஒருவரோ இருவரோ தம் கைப்பொருளைக் கொண்டு நடத்தும் சிறு பதிப்பகத்துக்கு இவை யாதுமில்லை. அதற்குள்ள ஒரே செல்வம் அதன் வாசகர்களே. அவ்வாசகர்கள் அவரவர் வீட்டில் தனித்திருந்து வாசித்தால் மட்டும் போதுமா? ஓரிடத்தில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, அந்நூல்களைக் கொண்டாடினால் என்ன விளையும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு வரலாற்றை இம்மாதம் நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அது பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸில் நிகழ்ந்தது.

போதகரின் மகள்

சில்வியா பீச் என்னும் பெண்மணி 1887-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர். தாயார் எலனோர், அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்திருந்த இராவல்பிண்டியில், மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். சில்வியாவின் இளமையில் தந்தையார் பாரிஸில் அமெரிக்க மாணவர்களிடையே சில ஆண்டுகள் பணியாற்றினார். அன்று முதல் அந்நகரின்மீது மகளுக்கு நீங்காத பற்று ஏற்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பிரான்சின் வயல்களில் தொண்டராக உழைத்தார்; போர் முடிந்தபின் செர்பியாவில் செஞ்சிலுவைச் சங்கத்தாருடன் பணிபுரிந்தார்.

பாரிஸில் புத்தகக் கடை ஒன்று திறக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. தாயாருக்குத் தந்தி அடித்தார். அத்தாய் தம் சேமிப்பிலிருந்து 3,000 டாலரை அனுப்பிவைத்தார். முன்பு சலவைக் கடையாக இருந்த ஒரு சிறு இடத்தில், 1919 நவம்பர் 19-ஆம் நாள், 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' என்ற பெயரில் கடை திறக்கப்பட்டது.

பெயர் கடை எனினும், அதன் உயிர் இரவல் நூலகத்தில் இருந்தது. ஆங்கில நூல்கள் பாரிஸில் விலை மிகுந்தவை. எழுத்தாளர்களும் மாணவர்களும் வாங்க இயலாதவர்கள். ஆகவே மாதச் சந்தாவும் சிறிது முன்பணமும் செலுத்தியோர் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று ஏற்பாடு செய்தார். பாரிஸுக்குப் புதிதாக வந்திருந்த எர்னெஸ்ட் ஹெமிங்வே என்ற இளைஞர் கடைக்குள் நுழைந்தபோது அவரிடம் முன்பணம் கட்டப் போதிய காசு இல்லை. "வசதிப்படும்போது கொடுக்கலாம், வேண்டிய நூல்களை எடுத்துச் செல்லுங்கள்" என்ற பொருள்படச் சில்வியா கூறி, அட்டை எழுதிக் கொடுத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவ்வெழுத்தாளர் அந்த நன்றியை மறக்கவில்லை. தம் நினைவு நூலிலும் எழுதிவைத்தார். வாசகர்கள் இதை நினைவில் நிறுத்துவார்களாக. ஹெமிங்வேயை மீண்டும் சந்திப்போம்.

எதிரெதிரே இரு கடைகள்

சில்வியாவுக்கு இத்தொழிலைக் கற்பித்தவர் அட்ரியென் மொன்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அவருடைய தந்தை தபால் துறையின் இரயில் வண்டியில் பணிபுரிந்தவர், விபத்தொன்றில் காயமுற்றார். அதற்கு ஈடாகக் கிடைத்த தொகையை அப்படியே மகளிடம் கொடுத்தார். அத்தொகையைக் கொண்டு 1915-ல் ஒதேயோன் தெருவில், 7-ஆம் இலக்கக் கட்டடத்தில், 'நூல் நண்பர்களின் இல்லம்' என்று பொருள்படும் பெயரில் மொன்னியே கடை திறந்தார். சில்வியாவும் 1921-ல் தம் கடையை அதே தெருவின் எதிர்ப்புறத்தில் 12-ஆம் இலக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒரு புறம் பிரெஞ்சு நூல்கள், மறுபுறம் ஆங்கில நூல்கள். இடையில் சில அடி அகலத் தெரு.

மொன்னியே அம்மையாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிய படைப்பு ஒன்று கிடைத்தால், கடையின் மேசைகளை ஒதுக்கி நாற்காலிகளைப் பரப்பி, நண்பர்களை மாலை வேளையில் அழைப்பார். ஆசிரியரோ, நல்ல குரல் உடைய வேறொருவரோ அதை உரக்க வாசிப்பார். போல் வலேரி, கத்தோலிக்கக் கவிஞராகிய போல் க்ளோடெல் முதலியோர் அவ்வில்லத்தின் நண்பர்கள். நூலை விற்பதற்கு முன் அதைச் செவிக்கு உணவாகப் படைத்தார் அவர் எனலாம்.

ஒருவரும் வெளியிட முன்வராத நூல்

அந்நாளில் அயர்லாந்து நாட்டு எழுத்தாளரான ஜேம்ஸ் ஜாய்ஸ் வறுமையோடும் கண்நோயோடும் போராடியவாறு 'யுலிசிஸ்' என்ற நெடிய புதினத்தை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பகுதிகளை வெளியிட்டமைக்காக, நியூயார்க்கில் 'லிட்டில் ரிவ்யூ' என்ற சிற்றிதழின் ஆசிரியைகள் இருவருக்கு 1921-ல் நீதிமன்றம் தலைக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. இங்கிலாந்திலோ, தகாத நூல் என்று தீர்ப்பானால் அச்சிட்டவரும் தண்டனைக்கு உள்ளாவார். எனவே அச்சகத்தார் அதைத் தொடவே அஞ்சினர்.

இந்நூலை நம் குடும்பங்கள் வாங்கி வாசிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. அது முதிர்ந்த வாசகர்க்கும் கடினமான நூல். இளையோர் கையில் கொடுக்கத் தக்கதன்று. அதன் தகுதியைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. நாம் இங்கு நோக்குவது நூலை அன்று. அதை வெளியிட்ட பெண்மணியின் துணிவையும், அவரைத் தாங்கிய வாசகர்களின் பண்பையுமே.

பதிப்புத் தொழிலில் எவ்வித அனுபவமும் இல்லாத சில்வியா, "எங்கள் கடை இதை வெளியிடலாமா?" என்று ஜாய்ஸிடம் கேட்டார். அவரும் உடனே இசைந்தார். கையில் முதல் இல்லை. ஆகவே சில்வியா ஒரு வழி கண்டார்: நூல் வெளிவருமுன்னரே வாங்குவதாக ஒப்புக்கொள்வோரின் பெயர்களைச் சேர்ப்பது, அவர்களிடமிருந்து பணம் வரவர அச்சகத்தாருக்குச் செலுத்துவது. மொத்தம் 1,000 பிரதிகள். அவற்றுள் உயர்ந்த தாளில் அச்சிட்டு ஆசிரியர் கையெழுத்திட்ட 100 பிரதிகள் தலா 350 பிராங்க். அடுத்த 150 பிரதிகள் 250 பிராங்க். எஞ்சிய 750 பிரதிகள் 150 பிராங்க். இவ்வேற்பாட்டை ஏற்று, திஜோன் நகரத்து அச்சகத்தாரான மொரிஸ் தரான்தியேர் என்பவர் பணத்துக்காகக் காத்திருக்க ஒப்பினார். பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் தாமே கடைக்கு நேரில் வந்து படிவத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். இவரையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

அப்பதிப்பின் துன்பங்கள் சொல்லி மாளா. ஜாய்ஸின் கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்ய வந்த பெண்கள் பலர் பாதியில் விலகினர். ஒருவருடைய கணவரோ, மனைவி தட்டச்சு செய்துகொண்டிருந்த பக்கங்களைப் படித்துப் பார்த்துச் சினந்து, அவற்றை நெருப்பில் இட்டுவிட்டார். அச்சகத்திலிருந்து திருத்தப் படிகள் வந்தால், ஜாய்ஸ் பிழை திருத்துவதோடு நில்லாமல், விளிம்பெங்கும் புதிய வாக்கியங்களை எழுதிச் சேர்ப்பார். நூலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு திருத்தப் படிகளின்மேல் எழுதப்பட்டதாகும். எழுத்துக்களைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்த காலம் அது. ஒரு வரி கூடினால் பக்கத்தையே கலைத்து மீண்டும் கோக்க வேண்டும், கூலியும் ஏறும். சில்வியா முகம் சுளிக்கவில்லை. ஆசிரியர் கேட்கும் திருத்தப் படிகளையெல்லாம் கொடுக்குமாறு பணித்தார். மேலட்டை கிரேக்கக் கொடியின் நீல நிறத்தில் அமைய வேண்டும் என்றார் ஜாய்ஸ். அந்நீலத்தைத் தேடி அச்சகத்தார் ஜெர்மனி வரை சென்றார். நிறம் கிடைத்தது, தாள் பொருந்தவில்லை. இறுதியில் அந்நிறத்தை வெள்ளை அட்டைமீது அச்சிட்டே முடித்தனர்.

முதல் வாசிப்பு மாலை

நூல் இன்னும் அச்சகத்தில் இருக்கையிலேயே அதற்கு ஒரு கொண்டாட்டம் நிகழ்ந்தது. 1921 டிசம்பர் 7-ஆம் நாள் மாலை மொன்னியே அம்மையாரின் கடையில் சுமார் 250 பேர் நெருங்கி அமர்ந்தனர். பிரெஞ்சு எழுத்தாளர் வலேரி லார்போ நூலின் அமைப்பை விளக்கி உரையாற்றினார். சில பகுதிகள் பிரெஞ்சிலும், ஓர் அமெரிக்க நடிகரின் குரலில் ஆங்கிலத்திலும் வாசிக்கப்பட்டன. சில பகுதிகள் வழக்கத்துக்கு மீறிய துணிவுடையவை என்று அழைப்பிலேயே முன்கூட்டி எச்சரித்திருந்தனர். ஒளித்து விற்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆசிரியரோ மக்கள் கண்ணில் படாதவாறு ஒரு திரைக்குப் பின்னால் மறைந்திருந்தார். முடிவில் கைதட்டல் ஓயாதபோது அவரை வெளியே அழைத்து வந்தனர். அம்மாலையில் திரண்ட பணம் ஜாய்ஸின் குடும்பச் செலவுக்குப் பயன்பட்டது.

எட்டு வாரங்கள் சென்றன. 1922 பிப்ரவரி 2-ஆம் நாள் ஜாய்ஸின் நாற்பதாம் பிறந்த நாள். அன்று காலை ஏழு மணிக்குத் திஜோனிலிருந்து வந்த விரைவு வண்டிக்காக இரயில் நிலைய மேடையில் சில்வியா காத்து நின்றார். வண்டியின் நடத்துநர் ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். அதில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை நேரே ஜாய்ஸின் வீட்டுக்குக் கொண்டு சென்றார். மற்றொன்று கடைக் கண்ணாடியில் வைக்கப்பட்டது. செய்தி பரவிற்று, சந்தா செலுத்தியோர் தம் பிரதிகளைக் கேட்டுக் கடையில் கூடினர்.

கொடுத்தவர் கை வெறுங்கை

அந்நூல் 1930-க்குள் அக்கடையின் பெயரிலேயே 11 முறை அச்சேறியது. ஆயினும் சில்வியா செல்வரானார் என்று எண்ணிவிட வேண்டா. வருவாயின் பெரும்பகுதி முன்பணமாகவும் கைமாற்றாகவும் ஆசிரியரின் குடும்பத்துக்கே சென்றது. அமெரிக்காவில் ஒருவர் அனுமதியின்றி அந்நூலைப் பத்திரிகையில் வெளியிட்டுப் பணம் பண்ணினார். அதைக் கண்டித்து 1927-ல் பல நாட்டு எழுத்தாளர் 167 பேர் கையொப்பமிட்ட அறிக்கை வெளிவந்தது. ஆனால் அறிக்கை கடனை அடைக்காது அன்றோ!

1933 டிசம்பரில் அமெரிக்க நீதிபதி ஒருவர் நூலின் மீதிருந்த தடையை நீக்கினார். நியூயார்க்கின் ஒரு பெரிய பதிப்பகம் அடுத்த ஆண்டே அதை வெளியிட்டது. முதற்பதிப்பை வெளியிட்டு அந்நூலுக்கு உயிர் கொடுத்த சில்வியாவோ, தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்கென ஒரு காசும் அவருக்குக் கிட்டவில்லை. இச்செய்தியைத் தம் நினைவு நூலில் கூறும்போதும் அவர் ஆசிரியரைத் தூற்றவில்லை. பிள்ளை தாய்க்கே உரியது, மருத்துவச்சிக்கு அன்று என்னும் கருத்தோடு அமைதி கொள்கிறார்.

அவ்வேளையில் உலகப் பொருளாதார நெருக்கடி பாரிஸையும் தாக்கிற்று. அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தாய்நாடு திரும்பினர். சந்தாதாரர் குறைந்தனர், வாடகையோ குறையவில்லை. அரிய கையெழுத்துப் படிகளையும் முதற்பதிப்புகளையும் விற்றுச் செலவைச் சமாளிக்க முயன்றார். 1935-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் கடையை மூடிவிடுவது என்ற எண்ணத்துக்கே வந்துவிட்டார்.

இருநூறு நண்பர்கள்

இங்குதான் நம் வரலாற்றின் திருப்பம் நேர்கின்றது. சில்வியா கடையை மூடப்போவதைக் கேள்விப்பட்டவர் ஆந்த்ரே ஜீத். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சந்தாப் படிவத்தை நேரில் வந்து நிரப்பிய அதே மனிதர். "இதை நடக்க விடலாகாது" என்று அவர் எழுந்தார். (ஜீத்தின் நூல்கள் அவர் மறைந்தபின், 1952-ல், திருச்சபையின் தடைநூல் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பதையும், அப்பட்டியலே 1966-ல் வழக்கொழிந்தது என்பதையும் நம் வாசகர் சிலர் அறிவர். அவர் கருத்துக்களை நாம் ஏற்காவிடினும், அவருடைய இந்நற்செயலைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.)

முதலில் பிரெஞ்சு அரசின் உதவி நாடப்பட்டது. கடை நடத்துபவர் அயல்நாட்டவர் ஆதலால் அது கைகூடவில்லை. பின்னர் எழுத்தாளர்கள் கூடி 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனியின் நண்பர்கள்' என்ற சங்கத்தை அமைத்தனர். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு 200 பிராங்க் வீதம் இரண்டு ஆண்டுகள் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாக, புகழ்பெற்ற எழுத்தாளர்கள் இன்னும் அச்சேறாத தம் படைப்புகளைக் கடையிலேயே வாசிப்பார்கள். உறுப்பினர் வந்து கேட்கலாம். உறுப்பினர் தொகை 200-ஐத் தாண்டலாகாது. காரணம் எளிது: அதற்கு மேற்பட்டோர் அவ்வறையில் நெருக்கியடித்தாலும் அமர இயலாது!

1936 பிப்ரவரி முதல் நாள் ஜீத் தாமே முதல் வாசிப்பை நிகழ்த்தினார். அம்மாத இறுதியில் போல் வலேரி தம் கவிதைகளை வாசித்தார். பார்வையாளரிடையே அமர்ந்திருந்த ஜாய்ஸ் விரும்பிக் கேட்ட ஒரு கவிதையையும் சேர்த்து வாசித்தார். ழான் ஷ்லும்பெர்ஜே, ழான் போலான் ஆகியோர் தொடர்ந்தனர். ஜூன் மாதத்தில் டி. எஸ். எலியட் இதற்கென்றே இலண்டனிலிருந்து கடல் கடந்து வந்தார்.

1937 மே 12-ஆம் நாள் வாசித்தவர் யார்? முன்பணம் கட்டக் காசின்றி அக்கடையில் நூல் இரவல் பெற்ற அந்த ஹெமிங்வேதான்! மன்றத்தில் வாசிப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. சில்வியாவுக்காக அதைத் தளர்த்திக்கொண்டார். ஆனால் தனியே வாசிக்கக் கூச்சம் போலும். கவிஞர் ஸ்டீஃபன் ஸ்பெண்டரும் உடன் வாசித்தால் மட்டுமே வருவேன் என்றார். இருவரும் வாசித்தனர். அன்று 'வசதிப்படும்போது கொடுக்கலாம்' என்று விடப்பட்ட சிறு கடன், இவ்வாறு குரலாகத் திரும்பி வந்தது.

இதன் விளைவு என்ன? சந்தாப் பணம் கடையின் அவசரக் கடன்களுக்கு உதவிற்று. செய்தித்தாள்கள் இக்கூட்டங்களைப் பற்றி எழுதின, அதைக் கண்டு மக்கள் மீண்டும் கடைக்கு வந்தனர், விற்பனையும் உயர்ந்தது. மூடவிருந்த கடை பிழைத்தது.

பொன்னை விஞ்சிய ஒரு பிரதி

கடை பின்னர் மூடப்பட்டது உண்மையே. ஆனால் வறுமையால் அன்று. இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜெர்மானியர் வசப்பட்டது. 1941 இறுதியில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து, கண்ணாடியில் இருந்த ஜாய்ஸின் மற்றொரு நூலை விலைக்குக் கேட்டார். அது தம் சொந்தப் பிரதி, விற்பதற்கில்லை என்றார் சில்வியா. சில நாட்களில் அவர் மீண்டும் வந்து, கடையிலுள்ள அனைத்தையும் பறிமுதல் செய்வதாக மிரட்டிச் சென்றார். சில்வியா நண்பர்களைக் கூட்டினார். இரண்டே மணி நேரத்தில் நூல்கள் யாவும் அதே கட்டடத்தின் மேல்மாடிக்குக் கூடைகளில் ஏற்றப்பட்டன, தட்டுகள் கழற்றப்பட்டன, வாயிற்பெயரின்மீது சாயம் பூசப்பட்டது. கடை இருந்த தடமே இல்லை! அங்கும் அவரைக் காத்தவர்கள் நண்பர்களும் அண்டை வீட்டாருமே. அவரையோ 1942-ல் சிறைப்பிடித்து, ஏறத்தாழ ஆறு மாதங்கள் தடுப்பு முகாமில் வைத்தனர். நூல்கள் மட்டும் பகைவர் கைக்குக் கிட்டவேயில்லை.

போருக்குப் பின் அவர் கடையை மீண்டும் திறக்கவில்லை. 1959-ல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1962 அக்டோபரில் பாரிஸில் காலமானார். பாரிஸில் நோத்ர் தாம் பேராலயத்துக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் இன்று அதே பெயரில் விளங்கும் கடை வேறொருவர் 1951-ல் தொடங்கியது. சில்வியாவின் நினைவாக 1964-ல் அப்பெயரைச் சூடிக்கொண்டது. அங்கும் எழுத்தாளர் வந்து வாசிக்கும் வழக்கம் தொடர்கின்றது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அதன் விற்பனை 80 விழுக்காடு வீழ்ந்தது. இயன்றால் ஒரு நூல் வாங்குங்கள் என்று வாசகர்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கோரிக்கைகள் வந்து குவிந்தன. ஜீத் காட்டிய வழி இன்னும் மூடப்படவில்லை.

நம் மேடைகளும் நம் நூல்களும்

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வரலாறு நமக்கு அயலானது என்று எண்ண வேண்டா. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அண்டிரிக் அடிகளின் அம்முயற்சிக்கு முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் பொருளுதவி செய்தனர். தமிழ் எழுத்தை அச்சில் காணுமுன்னரே அதற்குப் பணம் கொடுத்த பெருமை அவர்களுடையது. சில்வியா பிறந்த அதே 1887-ல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ. வே. சாமிநாதையர் அன்பர் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். இன்றும் நம் சிறு பதிப்பகங்கள் 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று அறிவிப்பது அதே வழியைத்தான்.

கூடியிருந்து கேட்பதும் நமக்குப் புதிதன்று. புலவர் தம் நூலை அவையில் வாசித்து அரங்கேற்றிய பின்னரே அது நூலாக ஏற்கப்பட்ட நாடு இது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் கண்ணீரோடு கேட்டிருந்த ஊர்களை நாம் அறிவோம்.

ஆனால் இன்றைய நம் நூல் வெளியீட்டு விழாக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை வழங்குவோர் எண்மர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல், நன்றியுரை. மூன்று மணி நேரம் கழிகின்றது. நூலின் ஒரு பக்கமேனும் வாசிக்கப்பட்டதா? இல்லை! வந்தவர்கள் சிற்றுண்டி அருந்திக் கலைகின்றனர். இலவசப் பிரதி கிடைக்குமா என்று கேட்போரும் உண்டு. போர்த்திய ஆடைகளின் விலையைக் கணக்கிட்டால் இருபது பிரதிகள் வாங்கியிருக்கலாம். மேடையைப் போற்றுகிறோம், நூலை மறந்துவிடுகிறோம். அச்சுக்கூலிக்குக் கடன்பட்ட பதிப்பாளர் வாயிலருகே, விற்காத கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஒதேயோன் தெருவில் நிகழ்ந்தது முற்றும் வேறு. அங்கே நூலே விருந்தினர், வாசிப்பே விழா. பெரும் செல்வர் ஒருவர் வந்து கடையைக் காப்பாற்றவில்லை. இருநூறு பேர் ஆளுக்குச் சிறிது கொடுத்தனர். கொடுத்ததோடு நில்லாமல் நேரில் வந்து அமர்ந்து கேட்டனர். பணம் கடனை அடைத்தது. வருகையோ, சோர்ந்திருந்த ஒரு பெண்மணிக்கு, தம் உழைப்பு வீண்போகவில்லை என்று உணர்த்திற்று. இவற்றுள் எது பெரிது என்று எம்மைக் கேட்டால் இரண்டாவதே என்போம்.

நம் பங்குகளிலும் இது இயலாத செயலன்று. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு சிறு பதிப்பகத்தின் நூல் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர் வர இயலுமாயின் நன்று. இல்லையேல், திருத்தமாக வாசிக்கும் ஆசிரியை ஒருவரோ கல்லூரி மாணவர் ஒருவரோ போதும். பத்து நிமிட அளவில் மூன்று பகுதிகள்; இடையே கேட்பவர் கருத்துச் சொல்ல வாய்ப்பு. மாலையும் ஆடையும் வேண்டா. சிறுவர் முன்வரிசையில் அமரட்டும். ஒரு மேசையில் பிரதிகள் இருக்கட்டும். விரும்புவோர் முழு விலை கொடுத்து வாங்கட்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டு நூல்கள் என்று முடிவு செய்தால், அது எந்த வீட்டுக்கும் பெருஞ்சுமை ஆகாது. நூறு குடும்பங்கள் உள்ள பங்கில் அது இருநூறு பிரதிகள் ஆகும். சிறு பதிப்பகத்துக்கு அத்தொகை என்ன பொருள் தரும் என்பதை அதன் கணக்கேட்டைப் பார்த்தவரே அறிவர்.

வாங்கும் நூல் யாவும் நல்ல நூலாகிவிடுமா என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய வினாவே. அதற்கும் கூடி வாசித்தலே மருந்து. அறையின் மூலையில் ஒளிந்து படிக்கும் நூல் பிள்ளையைத் தனிமைப்படுத்தும். பெரியோர் நடுவே உரக்க வாசிக்கப்படும் நூலைப் பற்றி அவன் வாய்விட்டுக் கேட்பான், நாமும் பதில் சொல்வோம். நல்லது எது, தீயது எது என்று பகுத்தறியும் பழக்கம் அவ்வாறே உண்டாகும்.

அடுத்த முறை ஒரு நூலைக் கையில் எடுக்கும்போது முகப்புத் தாளின் அடியில் உள்ள அச்சிறு எழுத்துக்களை ஒரு கணம் வாசியுங்கள். அப்பதிப்பகம் உங்கள் ஊருக்கு அருகில் இருந்தால், ஒரு நாள் மாலை குடும்பத்தோடு சென்று, ஒரு நூல் வாங்கி, அதன் முதல் பக்கத்தை அங்கேயே பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்யுங்கள். பதிப்பாளர் நிமிர்ந்து பார்ப்பார்.